ரியோஹா சிவப்பு ஒயின்: பாட்டிலைத் திருப்பிப் பார்த்து வாங்குவது எப்படி?

பத்து யூரோவுக்கு ஒரு பாட்டில். அதே அலமாரியில் நாற்பது யூரோவுக்கு இன்னொன்று. இரண்டிலும் ரியோஹா என்றுதான் எழுதியிருக்கிறது. ஒன்றில் கிரியான்சா, மற்றதில் கிரான் ரெசர்வா. காசு இருந்தால் விலை கூடியதை எடுத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதன்முதலாக வாங்கிய கிரான் ரெசர்வாவைத் திறந்து ஊற்றியபோது, நிறம் வெளிறிக் கிடக்கிறது, காய்ந்த இலை வாசனை வருகிறது, கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. கெட்டுப்போகவில்லை. அந்த வகை ஒயின் அப்படித்தான் இருக்கும். எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது பழச்சுவை நிறைந்த, துடிப்பான ஒன்று. அது பத்து யூரோ பாட்டிலில் இருந்தது.

ரியோஹாவில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். கிரியான்சா, ரெசர்வா, கிரான் ரெசர்வா என்பவை முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு மாதிரியான தரவரிசை அல்ல. அந்த ஒயின் வெளியே வருமுன் எத்தனை காலம் பீப்பாயிலும் பாட்டிலிலும் காத்திருந்தது என்பதற்கான கணக்கு. ருசி எப்படி இருக்கும் என்பதை அறிய ஊர், திராட்சை, தயாரித்தவரின் கை, அறுவடை ஆண்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படிகளுக்கு முன்னால் இடத்தைப் பற்றிக் கொஞ்சம்

ரியோஹா ஸ்பெயினின் வடக்கே, எப்ரோ ஆற்றை ஒட்டி நீண்டு கிடக்கும் பகுதி. லா ரியோஹா, பாஸ்க் நாட்டின் ஆலவா, நவார்ரா என்று மூன்று நிர்வாகப் பகுதிகளில் பரவியிருக்கிறது. வடக்கே காந்தாப்ரியா மலைத்தொடர் சுவர் மாதிரி நின்று அட்லாண்டிக் கடலின் குளிர்ந்த காற்றையும் மழையையும் ஓரளவு தடுக்கிறது. மேற்கே அந்தக் கடலின் குளிர்ச்சி எட்டிப் பார்க்கும். கிழக்கே போகப்போக மத்தியதரைக் கடலின் வெயிலும் வறட்சியும் ஓங்கும்.

பீப்பாய் பழக்கம் இங்கே வேரூன்றியதற்கு பிரான்சின் புகழ்பெற்ற ஒயின் பகுதியான போர்தோவுடன் இருந்த தொடர்பு பெரிய காரணம். முர்ரியேட்டா, ரிஸ்கால் என்ற இரண்டு தயாரிப்பாளர்கள், முன்னவர் 1852-லும் பின்னவர் 1858-லும், போர்தோ பாணியில் ஒயின் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம் ஃபைலோக்ஸெரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சைக் கொடிகளைத் தின்று தீர்த்தபோது, சரக்குக்குத் தவித்த பிரெஞ்சு வியாபாரிகள் ரியோஹாவின் ஆரோ ஊருக்கு வந்து குவிந்தார்கள். ரயில் பாதை அதற்கு முன்பே வந்திருந்தது. அதனால்தான் அந்த ஊரின் பழைய ஒயின் நிறுவனங்கள் ரயில் நிலையத்தைச் சுற்றியே கட்டப்பட்டன. லோபெஸ் தே எரேதியா 1877, குனே 1879, லா ரியோஹா ஆல்தா 1890. மூன்றும் இன்றும் அங்கேதான், நடந்தே போய்ப் பார்த்துவிடும் தூரத்தில் இருக்கின்றன. பிறகு அதே பூச்சி ரியோஹாவுக்கும் வந்து சேர்ந்தது, அது தனிக்கதை.

1925-இல் ரியோஹா என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. 1991-இல் ஸ்பெயினிலேயே முதலாவதாக உயர்நிலைத் தகுதி கொடுத்தார்கள். கண்காணிப்பது கொன்செஹோ ரெகுலதோர் என்ற ஒழுங்குமுறை வாரியம். பாட்டிலின் பின்னால் ஒட்டியிருக்கும் சின்ன முத்திரை அவர்களுடையது.

படி 1: எந்த வேளைக்கு, எந்த ருசி?

கடைக்குள் நுழைவதற்கு முன்பே இதைத் தீர்மானித்துவிடுங்கள். நான் எனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இன்றைக்குப் பழம் வேண்டுமா, பழமை வேண்டுமா?

பழம் என்றால் செர்ரி, பிளம், ஸ்ட்ராபெர்ரி வாசனை, பளிச்சென்ற புளிப்பு, நாக்கில் கொஞ்சம் துவர்ப்பு. பழமை என்றால் தோல், புகையிலை, காய்ந்த அத்திப்பழம், காட்டுக் காளான், உலர்ந்த ரோஜா இதழ், பட்டுப்போல வழுக்கிக்கொண்டு போகும் மென்மை. இரண்டுக்கும் நடுவே நிற்பதும் உண்டு. இந்த இரண்டில் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று தெரிந்தாலே அலமாரியில் பாதி பாட்டில்களை ஒதுக்கிவிடலாம்.

படி 2: பாட்டிலைத் திருப்புங்கள்

முன் லேபிளில் கோட்டை, கிரீடம், பிரபுவின் பெயர் என்று என்ன வேண்டுமானாலும் இருக்கும். அதைப் பார்த்து மயங்காதீர்கள். பின்பக்கம் திருப்பினால் வாரியத்தின் முத்திரை, எண்ணோடு, ஒரு நிறத்தில் இருக்கும். எந்த வகை என்பதற்கு அந்த நிறமே போதும், ஸ்பானிய மொழி தெரியவேண்டிய அவசியமில்லை.

பச்சை என்றால் காலக்கணக்குக்குள் வராத பொது வகை. முன்பெல்லாம் இதை ஹோவென், அதாவது இளசு, என்று சொல்வார்கள். பெரும்பாலும் அறுவடைக்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளில் குடிக்கவேண்டியது. ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சில தயாரிப்பாளர்கள் வாரியத்தின் மாதக் கணக்குக்குக் கட்டுப்பட விரும்பாமல், தங்கள் விலையுயர்ந்த ஒயினையே பச்சை முத்திரையோடு விற்கிறார்கள். ஆக, பச்சையும் விலை குறைவும் சேர்ந்து வந்தால் இளசு. பச்சையோடு ஐம்பது யூரோ விலை என்றால் அது வேண்டுமென்றே வரிசையை விட்டு வெளியே நிற்கும் ஒயின்.

சிவப்பு என்றால் கிரியான்சா. மொத்தம் 24 மாதம் முதிர வைத்திருக்கவேண்டும், அதில் 12 மாதமாவது ஓக் பீப்பாயில். ஸ்பெயினின் பொது விதிப்படி கிரியான்சா சிவப்பு ஒயினுக்குப் பீப்பாயில் ஆறு மாதம் போதும். ரியோஹா அதை இரட்டிப்பாக்கியிருக்கிறது. லோக்ரோன்யோ நகரத்தின் லாரெல் தெருவில், வாசலிலேயே நின்று கொறித்துக் குடிக்கும் கடைகளில், 'ஒரு கிரியான்சா' என்று சொன்னாலே போதும், ரியோஹா என்று சேர்த்துச் சொல்வதில்லை. அந்த ஊர்க்காரர்களின் அன்றாட ஒயின் இதுதான். ஆரம்பிப்பவர்களுக்கும் நான் கைகாட்டுவது இதைத்தான்.

சிவப்பு ஒயினின் கருஞ்சிவப்பு நிறம் என்றால் ரெசர்வா. மொத்தம் 36 மாதம், பீப்பாயில் குறைந்தது 12, பாட்டிலில் குறைந்தது 6. பாட்டிலுக்கான இந்த ஆறு மாதக் கட்டாயம் பிற்பாடு சேர்ந்தது.

நீலம் என்றால் கிரான் ரெசர்வா. மொத்தம் 60 மாதம், அதாவது ஐந்து வருடம். பீப்பாயில் 24, பாட்டிலில் 24 மாதமாவது இருக்கவேண்டும். பழைய நிறுவனங்கள் இந்தக் குறைந்தபட்சத்தை எப்போதோ தாண்டிவிடும். பத்து வருடம் கழித்து வெளிவரும் கிரான் ரெசர்வாக்கள் அங்கே சகஜம். ரியோஹாவில் எனக்குப் பிடித்த குணமே இது. மற்ற இடங்களில் நாம் வாங்கி வைத்துக் காத்திருக்கவேண்டியதை, இங்கே அவர்களே நிலவறையில் வைத்துக் காத்திருந்து, குடிக்கும் பதத்தில் கொடுக்கிறார்கள்.

பீப்பாய் என்றால் 225 லிட்டர் பிடிக்கும் ஓக் மரப் பீப்பாய். அதன் வயது என்ன, எந்த நாட்டு மரம் என்பதை முத்திரை சொல்லாது. அதற்குத் தனிப் படி வருகிறது.

2017-இல் இன்னொரு ஏற்பாடும் வந்தது. அதுவரை ரியோஹாவில் காலத்துக்கு இருந்த மரியாதை நிலத்துக்கு இல்லை என்ற குறை பல வருடமாக இருந்தது. ஆர்தாதி என்ற புகழ்பெற்ற நிறுவனம் 2015 கடைசியில் ரியோஹா பெயரையே உதறிவிட்டு வெளியேறும் அளவுக்குப் போனது. அதன் பிறகு மூன்று விதமான இடப் பெயர்களுக்கு வழி திறந்தார்கள்: உட்பகுதியின் பெயர், ஊரின் பெயர், தனித் தோட்டத்தின் பெயர். கடைசியானதற்கு வின்யேதோ சிங்குலார் என்று பெயர். கொடிகளுக்கு 35 வயதாவது ஆகியிருக்கவேண்டும், கையால்தான் பறிக்கவேண்டும், விளைச்சலுக்கு உச்சவரம்பு உண்டு, ருசி பார்க்கும் குழுவின் ஒப்புதலும் வேண்டும். பாட்டிலில் இந்த இரண்டு சொற்களைப் பார்த்தால் அது காலத்தை வைத்து அல்ல, மண்ணை வைத்துப் பேசும் ஒயின். விலையும் அதற்குத் தக்கபடிதான்.

படி 3: எந்தப் பகுதி என்று பாருங்கள்

ரியோஹாவுக்குள் மூன்று உட்பகுதிகள். லேபிளில் பகுதிப் பெயர் இல்லாவிட்டாலும், நிறுவனத்தின் ஊர்ப் பெயர் சின்ன எழுத்தில் கட்டாயம் இருக்கும். அதைப் படித்துப் பழகிக்கொள்ளுங்கள்.

ஆரோ, பிரியோனெஸ், செனிசேரோ, ஃபுவென்மயோர் என்று வந்தால் மேற்கே உள்ள ரியோஹா ஆல்தா. களிமண்ணும் சுண்ணாம்பும், சில இடங்களில் இரும்புச் சிவப்பு மண்ணும். புளிப்பு நன்றாக நிற்கும், நெடுங்காலம் தாங்கும். ஆரோவின் பழைய நிறுவனங்கள் இருபது முப்பது வருடத்து ஒயின்களைத் துணிந்து வைத்திருப்பதற்கு அந்தப் புளிப்புதான் பக்கபலம்.

லாகுவார்தியா, எல்சியேகோ, லாபாஸ்திதா, சாமனியேகோ என்று வந்தால் எப்ரோவுக்கு வடக்கே, மலையடிவாரத்தில் இருக்கும் ரியோஹா ஆலவேசா. சுண்ணாம்பு கலந்த வெளிறிய மண், சின்னச் சின்னத் தோட்டங்கள். கொஞ்சம் நேர்த்தியான, மணம் தூக்கலான ஒயின்கள். இந்தப் பக்கத்துக் குடியானவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் இன்னொரு வகையும் இருக்கிறது. குலையை உதிர்க்காமல், காம்போடு அப்படியே தொட்டியில் போட்டு, பழத்துக்குள்ளேயே நொதிக்க விடுவார்கள். ஊதா நிறம், மெல்லிய துவர்ப்பு, கிட்டத்தட்ட சாறு குடிப்பது போல இருக்கும். விளைவித்தவரே செய்தது என்ற பொருளில் கொசெசேரோ என்பார்கள். பச்சை முத்திரைதான், விலையும் சொற்பம். கொஞ்சம் குளிர வைத்துக் குடித்தால் அதற்கு ஈடு கிடையாது. வெளிநாட்டுக் கடைகளில் கண்ணில் படுவதே அபூர்வம் என்பதால், பார்த்தால் விடாதீர்கள்.

அல்ஃபாரோ, கெல், துதெலியா, அல்தேயனுவேவா தே எப்ரோ என்று வந்தால் கிழக்கே இருக்கும் ரியோஹா ஓரியென்டால். 2018 வரை இதன் பெயர் ரியோஹா பாஹா. பாஹா என்றால் தாழ்ந்தது. நிலம் தாழ்வு என்ற பொருளில் வைத்த பெயர், ஆனால் கேட்பவர்கள் தரம் தாழ்வு என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் கிழக்கு என்று மாற்றிவிட்டார்கள். வெயில் அதிகம், கர்நாச்சா திராட்சைக்கு நல்ல மண். சமவெளியில் சாதாரணமாக விளைந்ததும் உண்டு, யெர்கா மலைச்சரிவில் உயரமான இடத்தில் விளைந்த அருமையான சரக்கும் உண்டு. அல்வாரோ பலாசியோஸ் என்ற ஒயின் தயாரிப்பாளர் தன் குடும்பத் தோட்டங்களில் செய்வதை ருசித்துப் பார்த்தால், அந்தப் பழைய பெயர் எவ்வளவு அநியாயம் என்று புரியும்.

மூன்று பகுதிகளின் திராட்சையையும் கலந்து செய்வதும் ரியோஹாவின் பழைய வழக்கமே. கலவை என்பதாலேயே மட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. லா ரியோஹா ஆல்தா நிறுவனத்தின் வின்யா ஆர்தான்சா என்ற ஒயினில் சேரும் கர்நாச்சா, கிழக்கே துதெலியாவில் இருக்கும் அவர்களுடைய சொந்தத் தோட்டத்திலிருந்து வருகிறது.

படி 4: திராட்சை

இங்கே அதிகம் மெனக்கெட வேண்டாம். ரியோஹா சிவப்பு என்றால் பெரும்பாலும் டெம்ப்ரானியோதான். தெம்ப்ரானோ என்றால் சீக்கிரம் என்று பொருள். சீக்கிரம் பழுப்பதால் வந்த பெயர். தன்னளவில் அடக்கமான குணம், ஓக்கையும் காலத்தையும் நன்றாக உள்வாங்கும். கர்நாச்சா சதைப்பற்றும் சாராயமும் கூட்டும். கிராசியானோ நிறமும் புளிப்பும் நறுமணமும் சேர்க்கும், ஆனால் விளைச்சல் குறைவு, பழுக்கவும் நாளாகும். மசுவேலோ துவர்ப்பும் புளிப்பும் தரும்.

நூறு சதவீதம் கர்நாச்சா என்று போட்டிருந்தால் கிழக்குப் பகுதியில் தேடுங்கள். தனி கிராசியானோ கிடைத்தால் ஒரு தடவையாவது முயன்று பாருங்கள். கொந்தினோ என்ற நிறுவனம் அப்படி ஒன்று செய்கிறது. ரியோஹாவைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணத்துக்கு அது சம்பந்தமே இல்லாமல் இருக்கும்.

படி 5: பழைய கையா, புதிய கையா?

ஒரே முத்திரை, ஒரே ஆண்டு, ஒரே ஊர். இரண்டு பாட்டில்கள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசத்தோடு இருக்கலாம். அதற்குக் காரணம் இந்தப் படியில்தான் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பழைய பாணியில் அமெரிக்க ஓக் பீப்பாய், அதுவும் பல வருடம் பயன்படுத்தியது. அமெரிக்க ஓக் வெனிலாவும் தேங்காயும் கலந்த இனிப்பு வாசனை தரும். பீப்பாய் பழசானால் அந்த மர வாசனை அடங்கி, மெதுவாகக் கசியும் காற்று மட்டும் ஒயினைப் பக்குவப்படுத்தும். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒயினை ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவார்கள், அடியில் தங்கிய வண்டல் பின்தங்கிவிடும். நிறம் வெளிறும், துவர்ப்பு கரையும், வாசனை விரியும். லோபெஸ் தே எரேதியா இந்தப் பாணியின் கோட்டை. அவர்கள் தங்கள் பீப்பாய்களைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். முகா என்ற நிறுவனத்திலும் சொந்தப் பீப்பாய்ப் பட்டறை உண்டு.

புதிய பாணியில் பிரெஞ்சு ஓக், புத்தம் புதிய பீப்பாய், பீப்பாயில் இருக்கும் காலம் குறைவு, பழம் இன்னும் முற்றிப் பழுத்தது. நிறம் அடர்த்தி, வாயில் கனம், கிராம்பும் சாக்லேட்டும் போன்ற வாசனை. இந்தப் பக்கம் முதலில் திரும்பியவர்களில் ஒருவர் என்ரிகே ஃபோர்னர். 1970-இல் மார்க்கெஸ் தே காசெரெஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது, போர்தோவின் ஒயின் நிபுணர் எமில் பெய்னோவைத் துணைக்கு வைத்துக்கொண்டு பிரெஞ்சு ஓக்கைக் கொண்டுவந்தார். பின்னால் ரோடா, ஃபின்கா அயேந்தே, ரெமிரெஸ் தே கனுசா போன்ற நிறுவனங்கள் வந்தன.

இரண்டில் எது உசத்தி என்று சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மனம் பழைய பக்கம்தான் சாய்கிறது, ஆனால் அது என் நாக்கு. உங்கள் நாக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள முகாவின் இரண்டு பாட்டில்கள் போதும். ஒரே நிறுவனம் பிராதோ எனேயா என்ற பெயரில் பழைய பாணி கிரான் ரெசர்வாவும், தோர்ரே முகா என்ற பெயரில் புதிய பாணி ஒயினும் செய்கிறது. விலை கொஞ்சம் அதிகம்தான். நாலு பேர் சேர்ந்து வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள்.

கடையில் நிற்கும்போது பாணியை எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று தடயங்கள் இருக்கின்றன. ஒன்று, சாராய அளவு. 13, 13.5 சதவீதம் என்றால் பழைய பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். 14.5, 15 என்றால் முற்றிப் பழுத்த, கனமான ஒயின். இரண்டு, பாட்டிலின் எடை. அடியில் ஆழமான குழியோடு கையை இழுக்கும் கனமான கண்ணாடி என்றால் பெரும்பாலும் புதிய பாணிக்காரர்களின் ஆடம்பரம். மூன்று, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கழுத்துப் பக்கம் பாருங்கள். கண்ணாடி அனுமதித்தால், உள்ளே தெரியும் சிவப்பு ஊடுருவிப் பார்க்கும்படி இருக்கிறதா, மை மாதிரி அடைத்துக்கொண்டு இருக்கிறதா என்று தெரியும். இவை எதுவும் நூற்றுக்கு நூறு உறுதியல்ல. ஆனால் மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டினால் நம்பலாம்.

பாட்டிலின் வடிவத்தையும் கவனியுங்கள். குனே நிறுவனத்தின் இம்பீரியல், நேர் தோள் உள்ள போர்தோ வடிவப் பாட்டிலில் வருகிறது. திராட்சை ரியோஹா ஆல்தாவிலிருந்து. அவர்களுடைய இன்னொரு ஒயினான வின்யா ரெயால், தோள் சரிந்த புர்கோன்ய (பிரான்சின் இன்னொரு ஒயின் பகுதி) வடிவப் பாட்டிலில் வருகிறது. அது ஆலவேசா, கொஞ்சம் உருண்டு திரண்ட சுவை. லோபெஸ் தே எரேதியாவும் தன் ஒயின்களில் தொந்தோனியாவை ஒரு வடிவத்திலும் பொஸ்கோனியாவை இன்னொரு வடிவத்திலும் நிரப்புகிறது. பழைய நிறுவனங்களில் வடிவம் ஒரு குறிப்பு. புதியவர்களிடம் அது வெறும் அலங்காரமாகவும் இருக்கலாம்.

சில பாட்டில்களைச் சுற்றித் தங்க நிறக் கம்பி வலை இருக்கும். உள்ளே இருக்கும் நல்ல ஒயினை எடுத்துவிட்டு மட்டமானதை நிரப்பி விற்கும் மோசடியைத் தடுக்க அந்தக் காலத்தில் போட்டது. இப்போது அழகுக்கு. வலை இருப்பதால் ஒயின் ஒரு படியும் உயர்வதில்லை.

படி 6: ஆண்டு

இங்கே ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். லா ரியோஹா ஆல்தாவின் பாட்டில்களில் 904, 890 என்று பெரிதாக எழுதியிருக்கும். அவை அறுவடை ஆண்டு அல்ல. 890 என்பது நிறுவனம் தொடங்கிய 1890-ஐயும், 904 என்பது ஆர்தான்சா குடும்பத்தின் நிறுவனத்தோடு இணைந்த 1904-ஐயும் நினைவுபடுத்தும் பெயர்கள். உண்மையான ஆண்டு தனியாக, சிறிதாக இருக்கும்.

வாரியம் அறுவடைகளுக்கு மதிப்பீடு கொடுத்துவந்திருக்கிறது. உச்ச மதிப்பு 'எக்செலென்தே'. 1994, 1995, 2001, 2004, 2005, 2010, 2011, 2019 ஆகிய ஆண்டுகளுக்கு அந்த மதிப்பு கிடைத்தது. 1964-ஐப் பற்றி வயதானவர்கள் இன்னும் பேசுவார்கள். 2017-இல் ஏப்ரல் மாதக் கடைசியில் விழுந்த உறைபனி பல தோட்டங்களின் தளிரைக் கருக்கியது, விளைச்சல் பெரிதும் குறைந்தது.

இதை எப்படிப் பயன்படுத்துவது? பச்சை முத்திரைக்கும் கிரியான்சாவுக்கும் ஆண்டு மதிப்பைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். புதிதாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆறேழு வருடத்துக்கு முந்தைய மலிவு இளசு ஒயின் தள்ளுபடியில் கிடைத்தால் அது லாபமல்ல, கடைக்காரரின் தலைவலியை நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். ரெசர்வாவுக்கு ஆண்டு ஓரளவு முக்கியம். கிரான் ரெசர்வாவுக்கு ரொம்ப முக்கியம், ஆனால் அங்கே பாதி வேலையை நிறுவனமே முடித்துவிடுகிறது. நல்ல பெயருள்ள பழைய நிறுவனங்கள் மோசமான ஆண்டில் கிரான் ரெசர்வா செய்யாமலே விட்டுவிடும்.

நல்ல ஆண்டும் நல்ல கையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம். குனேயின் இம்பீரியல் கிரான் ரெசர்வா 2004, அமெரிக்காவின் ஒயின் ஸ்பெக்டேட்டர் இதழின் 2013-ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. முர்ரியேட்டாவின் காஸ்தியோ இகாய் 2010, அதே இதழின் 2020 பட்டியலில் முதலிடம். இப்படி ஒரு செய்தி வந்த மறுநாளே விலை எகிறிவிடும். அந்தப் பாட்டில்தான் வேண்டும் என்று அலையாமல், அதே நிறுவனத்தின் ரெசர்வாவை வாங்குவது புத்திசாலித்தனம்.

படி 7: காசு

ஸ்பெயின் கடைகளில் நல்ல கிரியான்சா சுமாராக 7 முதல் 12 யூரோவுக்குள் கிடைக்கும். ரெசர்வா 12-இலிருந்து 25 வரை. கிரான் ரெசர்வா 25-க்கு மேல் தொடங்கி எங்கேயும் போகும். மற்ற நாடுகளில் வரியும் கப்பல் செலவும் சேர்ந்து இந்தக் கணக்கு மாறும், ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

என் பார்வையில் காசுக்கு மிக அதிகம் கிடைப்பது ரெசர்வா வரிசையில். ஐரோப்பாவில் மூன்று வருடம் வைத்திருந்து முதிர்ந்த ஒயினை இந்த விலைக்கு விற்கும் பகுதிகள் அதிகமில்லை. மாறாக, ஆறு யூரோவுக்குக் கிரான் ரெசர்வா என்று பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். ஐந்து வருடம் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த சரக்கை ஒருவர் அந்த விலைக்கு விற்கிறார் என்றால் தொடக்கத்திலேயே அது சுமாரான ஒயின். சுமாரான ஒயினை ஐந்து வருடம் வைத்திருந்தால் பழைய சுமாரான ஒயின் கிடைக்கும், அவ்வளவுதான்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்லும் முதல் கொள்முதல் மூன்றே பாட்டில்: ஆரோ பக்கத்திலிருந்து ஒரு கிரியான்சா, லாகுவார்தியா பக்கத்திலிருந்து ஒரு கிரியான்சா, அல்ஃபாரோ பக்கத்திலிருந்து கர்நாச்சா தூக்கலான ஒன்று. மூன்றும் அடுத்தடுத்த ஆண்டுக்குள், கிட்டத்தட்ட ஒரே விலையில். ஒரே மாலையில் மூன்றையும் ஒவ்வொரு மடக்காக மாற்றி மாற்றிக் குடித்தால், பக்கம் பக்கமாகப் படித்தும் பிடிபடாத வித்தியாசம் பிடிபட்டுவிடும். அடுத்த தடவை, மூன்றில் பிடித்த நிறுவனத்தின் ரெசர்வாவை வாங்குங்கள்.

படி 8: தட்டில் என்ன இருக்கிறது?

அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கத்தரித்த திராட்சைக் கொடிக்குச்சிகளை எரித்து, அந்தத் தணலில் சுட்ட இளம் ஆட்டு விலாத்துண்டுகள் ரியோஹாவின் அடையாளம். புகையும் கொழுப்பும் சேர்ந்த அந்தக் கறிக்குக் கிரியான்சாவின் புளிப்பு கச்சிதம். உருளைக்கிழங்கும் சொரிசோ என்ற ஸ்பானியத் தொத்திறைச்சியும் போட்டுச் சமைக்கும் குழம்புக்கு கொசெசேரோ அல்லது இளம் ஒயின். அடுப்பில் மெதுவாக வெந்த ஆட்டுக்கறிக்கு ரெசர்வா.

கிரான் ரெசர்வாவுக்கு ஆர்ப்பாட்டமான சாப்பாடு வேண்டாம். அது மெல்லிய குரலில் பேசும் ஒயின். காரமும் மசாலாவும் அதன் வாயை அடைத்துவிடும். வதக்கிய காளான், முற்றிய ஆட்டுப்பால் சீஸ், அல்லது வெறுமனே ஒரு துண்டு ரொட்டி. அது போதும்.

படி 9: திறப்பது

பழைய பாட்டில் என்றால் முந்தின நாளே நிமிர்த்தி வைத்துவிடுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். பதினைந்து இருபது வருடக் கார்க் நொறுங்கக் காத்திருக்கும். திருகாணியை முழுதாக இறக்கி, அவசரப்படாமல், ஆட்டாமல் மேலே இழுக்கவேண்டும். ஒருமுறை அவசரப்பட்டுப் பாதிக் கார்க்கை உள்ளே தள்ளிவிட்டு, தேநீர் வடிகட்டியால் வடித்துக் குடித்தோம். ஒயினுக்கு ஒன்றும் ஆகவில்லை, என் மானம்தான் போனது.

ஈரமான அட்டைப்பெட்டி வாசனை வந்தால் அது கார்க்கால் கெட்டது. காத்திருந்தாலும் சரியாகாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தோல், காளான், காய்ந்த இலை வாசனை வந்தால் பதறாதீர்கள், கட்டுரையின் தொடக்கத்தில் நான் பதறியது அதற்குத்தான்.

வெப்பநிலையில் பலரும் கோட்டை விடுகிறார்கள். சிவப்பு ஒயின் அறை வெப்பத்தில் என்ற பழைய சொல், குளிர்ந்த கல்வீடுகளின் அறையை மனதில் வைத்துச் சொன்னது. இளசுக்கு 12 முதல் 14 டிகிரி, கிரியான்சாவுக்கு 15, 16, ரெசர்வாவுக்கும் கிரான் ரெசர்வாவுக்கும் 17, 18. அறை வெதுவெதுப்பாக இருந்தால் அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுங்கள். சூடாகக் குடித்தால் சாராய நெடி மட்டும்தான் மூக்கில் ஏறும்.

இளம் ரெசர்வாவையும் புதிய பாணி ஒயினையும் ஒரு மணி நேரம் முன்பே அகன்ற ஜாடியில் ஊற்றி வைத்தால் நன்றாக விரியும். பழைய கிரான் ரெசர்வாவை அப்படி விட்டுவிடாதீர்கள், இருக்கிற கொஞ்ச மணமும் காற்றோடு போய்விடும். பரிமாறும் நேரத்தில் திறந்து, பாட்டிலைச் சாய்த்த கை சாய்த்தபடியே, ஒரே சீராக ஊற்றுங்கள். நிறுத்தி நிறுத்தி நிமிர்த்தினால் ஒவ்வொரு தடவையும் வண்டல் கலங்கும். கழுத்துக்கருகே கரும்புள்ளிகள் நகர்ந்து வருவது தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். முதல் கிளாஸுக்கும் கடைசிக் கிளாஸுக்கும் நடுவே முக்கால் மணி நேரமாவது விட்டால், அதே பாட்டிலில் இரண்டு விதமான ஒயின் குடித்த மாதிரி இருக்கும்.

கிரியான்சா, ரெசர்வா மிச்சமிருந்தால் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம். புதிய பாணி ரெசர்வா சில சமயம் மறுநாள்தான் வாயைத் திறக்கும். இருபது வயதுக் கிரான் ரெசர்வாவை மட்டும் மறுநாளுக்கு வைக்காதீர்கள். ஆள் போதவில்லை என்றால் அதைத் திறப்பதையே இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போடுங்கள்.